தனிப்பேச்சு

...பஸ் இன்னும் கெய்ர்ன்ஸ் விமான நிலையத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள், பச்சையா மஞ்சளா என்று, காலினும் அவன் மனைவி டெனிஸும், ஒருவர் காதில் ஒருவர் சீறிக்கொள்கிறார்கள், அது கடைசி வரிசை வரை கேட்கிறது என்பது தெரியாத மாதிரி. நான் நடுவழியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில், மணிக்கட்டில் மாட்டும் ரப்பர் வளையங்கள் நிறைந்த பையோடு நிற்கிறேன், ஐம்பது தாண்டிய பொம்பளை, சின்னப்பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் டீச்சர் மாதிரி... பச்சை கட்டினால் யாரும் வந்து கூப்பிடலாம், மஞ்சள் கட்டினால் முதலில் பேச்சு பிறகு பார்க்கலாம், சிவப்பு என்றால் இந்த ஜோடி வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருக்கிறது, இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது, கணவன் மனைவி இருவரும் ஒரே நிறம் கட்ட வேண்டும், அதுவும் நான் போட்ட விதிதான், வருஷா வருஷம் படித்துப் படித்துச் சொல்கிறேன். “அவருக்கு மஞ்சள் குடு கெரின், எனக்குப் பச்சை குடு, என்ன குடி முழுகிப்போச்சு இப்ப?” என்கிறாள் டெனிஸ். “ரெண்டு பேரும் ஒரே கலர். தெரிஞ்ச விஷயம்தானே.” “அப்ப அவரு கையில நானே பச்சையக் கட்டி விட்டுடறேன்.” “ஏன், மாட்டுக்குக் குத்தற மாதிரி காதுலயே குத்தி விட்டுடேன்,” என்கிறான் காலின், பஸ் முழுக்கச் சிரிக்கிறது. இவர்களுக்குத்தான் திறந்த மனசாம். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டேன், திறந்த மனசுள்ள ஜோடிகளுக்கு, வயது வந்தோர் மட்டும் தங்கும் கடற்கரை விடுதியில் ஒரு வாரம் என்று, வந்து சேர்ந்ததைப் பார், ஏசிக் காற்று கழுத்தில் படுகிறது என்று ஒருத்தி, தலையணை இறகா பஞ்சா என்று ஒருத்தன், மனைவியை இன்னொருத்தனோடு அனுப்பிவிட்டு நீச்சல்குளத்து ஓரத்தில் உட்கார்ந்து பழரசத்தில் ஐஸ் குறைவு என்று புகார் எழுதும் ஜென்மங்கள். ஊரில் இருக்கிற சாதாரண ஜனங்களை நாங்கள் வெனிலா என்போம், பாவம், ஒரே ருசியோடு காலத்தை ஓட்டுகிறவர்கள் என்று அர்த்தம், சொல்லும்போது உதட்டில் ஒரு சிரிப்பு வேறு. இந்தப் பஸ்ஸில் இருப்பவர்களை அந்த வெனிலாக்காரர்கள் ஒரு அரை மணி நேரம் பார்த்தால் போதும், அவர்களுக்கு எங்கள்மேல் இருக்கும் பயமெல்லாம் போய்விடும்.

ஓட்டுநர் வேறு. விமான நிலையத்தில் பலகை பிடித்து நிற்க ஒரு பெயர் வேண்டுமே, உள்ளதை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா, அதனால் ஜீலாங் ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கம் என்று போடச் சொல்லியிருந்தேன், எனக்கே அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. மனுஷன் ஏறி உட்கார்ந்ததும் ஒலிபெருக்கியை எடுத்தார், வெயிலில் வெந்த கழுத்து, பெயர் லாயிட், “வணக்கம் ஆர்க்கிட்காரங்களே, போன மாசமும் ஒரு ஆர்க்கிட் கூட்டத்த இதே விடுதியில கொண்டுபோய் விட்டேன். ஒருத்தரும் ஒரு செடியத் திரும்பிப் பாக்கல. திரும்பி வரப்ப எல்லாரும் தூங்கிட்டே வந்தாங்க, பாவம், தோட்ட வேலை ஜாஸ்தி போல” என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு, ஓஹோ என்று, கை தட்டுகிறார்கள், தாங்கள் பிடிபட்டதில் அவ்வளவு பெருமை. உள்ளுக்குள் இவர்களுக்கு வேண்டியதே அதுதான், யாராவது பிடித்துவிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல் வழியே பார்த்து மூச்சடைத்து நிற்க வேண்டும்... ஜன்னலுக்கு வெளியே கரும்புக்காடு ஓடுகிறது, பாதி வெட்டியாகிவிட்டது, ஜூலை மாசம், தெற்கே எங்கள் ஊர் ஜீலாங்கில் இப்போது குளிர்காலம், விறைக்கிறது, இங்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. நல்லவேளை, வந்த வேலையாவது வெயிலில்.

வளையம் எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, விதிகளை ஒருமுறை சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மதுக்கூடத்தில் கைப்பேசி கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே தனிப்பேச்சு கூடாது. அந்த இடத்தில் மட்டும் பஸ் கொஞ்சம் அமைதியாகும், எப்போதும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தில் யார் யாரோடு படுத்தார்கள் என்பதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், யார் யாரோடு தனியாகப் பேசினார்கள் என்பதற்கு வீடு இரண்டுபடும். ஒரு ஜோடி இன்னொரு ஜோடிக்குச் செய்தி அனுப்பினால் நான்கு பேரும் பார்க்கிற மாதிரி அனுப்ப வேண்டும், சந்தித்தால் நாலு பேராகச் சந்திக்க வேண்டும், உடம்பு சும்மா உடம்பு, அது வரும் போகும், பேச்சு அப்படியில்லை, பேச ஆரம்பித்தால் ஆள் போய்விடுவான். இதைக் கண்டுபிடித்தது நான்தான், கண்டுபிடித்து விதியாக்கி, எல்லோரையும் தலையாட்ட வைத்ததும் நான்தான். போன வருஷம் ரஸ்ஸல் என்று ஒருவன், நல்ல உயரம், அசட்டுச் சிரிப்பு, இன்னொருத்தன் மனைவியோடு செவ்வாய்க்கிழமை தோறும் போனில் பேசிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது, என்னடா பேசினீர்கள் என்று கேட்டால் தக்காளி என்கிறான். தக்காளி இலையில் புள்ளி விழுகிறதாம், அதற்கு என்ன மருந்து என்று. ஆறு மாதம்! அவள் அழுகிறாள், அவன் அழுகிறான், நான் காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே இரண்டு ஜோடியையும் கூட்டத்தை விட்டுத் தூக்கினேன், வீட்டுக்கு வந்து கிரேமிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், தக்காளி, கேட்டியா, தக்காளி! கிரேம் சிரித்தானா அன்றைக்கு... நினைவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

அதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என் கிரேம், பின்மண்டை மட்டும் தெரிகிறது, நடுவில் வட்டமாக வழுக்கை. முடிவெடுக்கத் தெரியாத மனுஷன், எதற்கும் சரி என்பான், டயர் கடை வைத்திருந்தபோதும் சரி, விற்றபோதும் சரி, சின்னவள் படிக்கப் போய் வீடு காலியானபோது, சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான்தான் சொன்னேன், இப்படி ஒன்று இருக்கிறதாம், போய்ப் பார்ப்போமா என்று, அதற்கும் சரி. முதல் தடவை போன வீட்டு வாசலில் நின்று காலணியைக் கழற்றலாமா என்று கேட்டான், எல்லாவற்றையும் கழற்றப் போகிற இடத்தில், எனக்கு மானம் போயிற்று. அப்புறம் நான்தான் எல்லாம், கூட்டம் சேர்த்தது, விடுதிகளோடு மல்லுக்கு நின்றது, குளத்தில் தண்ணீர் சூடில்லை என்றால் சண்டை போட்டது, நாங்கள் இருவரும் பேசுவதற்கு அன்றிலிருந்து விஷயம் குறைவில்லை, யார் யாரோடு, எந்த அறை யாருக்கு, யார் பொறாமைக்காரி, யாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது... வாய் ஓயாத பேச்சு. நாங்கள் என்றே பேசுவோம், எங்களுக்குப் பச்சை, எங்களுக்கு நாளைக்கு ஓய்வு, நாங்கள் அதை விரும்புவதில்லை. கிரேம் தனக்கென்று ஒரு வாக்கியம் சொல்லிக் கேட்டதாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. பெண்கள் மட்டும் சொல்வார்கள், உன் புருஷன் நல்லாக் கேக்கறான்டி என்று, நானும் ஆமாம் என்பேன், அவனுக்கு வேறென்ன தெரியும் என்று மனசில் சொல்லிக்கொண்டு.

கரும்பு முடிந்து கடல் வந்துவிட்டது, வலது பக்கம் ஒட்டியே, இடது பக்கம் மலை, இனி வளைவுதான், லாயிட் ஒவ்வொரு வளைவிலும் பாட்டு முணுமுணுக்கிறார். மூன்றாவது வரிசையில் நரேலுக்குக் குமட்டி முகம் வெளுக்க ஆரம்பிக்கிறது. எதிர்பார்த்ததுதான், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருத்தி உண்டு, நான் பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறேன். அவள் கணவன் ட்ரெவர், வீட்டுக்கு வீடு நீச்சல்குளம் கட்டிக் கொடுக்கிறவன், பல்லை வெளுக்க வைத்திருக்கிறான், “கண்ண மூடு, கண்ண மூடிக்க” என்று அவள் முதுகில் தட்டுகிறான், யாரோ கடைக்காரனைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி, இன்னொரு கையில் அவன் கைப்பேசி. இவர்களோடு நாங்கள் போன வருஷம் இரண்டு தடவை, இல்லை மூன்று, ட்ரெவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நடு நடுவே எப்படி என்று கேட்பான், மார்க் போடச் சொல்லி. நரேல் ஒல்லி, பேச மாட்டாள், மூக்கு நுனி எப்போதும் சிவந்திருக்கும், எனக்கு அவளைப் பார்த்தால் ஈரத் துணி நினைவு வரும். பையை எடுத்துக்கொண்டு நான் போவதற்குள் கிரேம் எழுந்துவிட்டான். “கொஞ்சம் வழி விடு கெரின்,” என்றான், என்னைத் தாண்டிப் போனான், நடுவழியில் மண்டி போட்டு உட்கார்ந்தான், அந்த முட்டியோடு, போன மாசம்தான் ஊசி போட்டோம் அந்த முட்டிக்கு.

“கண்ண மூடாத நரேல். மூடினா இன்னும் சுத்தும்.” குரல் வேறு மாதிரி இருந்தது, அவசரமே இல்லாமல். “கடல் முடியற எடத்துல ஒரு கோடு தெரியுதா? அதையே பாரு. உங்கப்பா என்ன சொல்வாரு?” அவள் கண்ணைத் திறந்தாள். “அலையப் பாக்காத, கோட்டப் பாருன்னு...” “ம். அப்புறம்?” “என்ஜின் சத்தத்த எண்ணுன்னு.” “எண்ணு. நானும் எண்றேன்.” இரண்டு பேரும் எண்ணினார்கள், உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவன் அவளைத் தொடவில்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இரண்டு கையும் தன் தொடைமேல் வைத்திருந்தான், விரல்கூட அவள் பக்கம் போகவில்லை, பாதி பஸ்ஸுக்கு முன்னால் துணியில்லாமல் ஒன்றாக இருந்த இரண்டு பேர், இங்கே ஒரு சாண் இடைவெளி விட்டு, கடலைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். டெனிஸ் தன் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். காலின் செருப்பைப் பார்த்தான். பின்வரிசையில் ஒருவர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதையும் நேருக்கு நேர் பார்க்கிறவர்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறவர்கள், ஒருத்தரும் அந்த மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை, வெட்கப்பட்டார்கள், சத்தியமாக வெட்கப்பட்டார்கள், இந்தக் கூட்டம் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா என்ன சொல்வார் என்று இவனுக்கு எப்படித் தெரியும்... நாலு பேராக உட்கார்ந்த எந்த மேஜையிலும் அவள் அப்பா பேச்சு வந்ததில்லை, நான் இருந்தேனே, எல்லா மேஜையிலும் நான் இருந்தேனே.

மலை உச்சி வளைவில் வண்டிகள் நிறுத்திக் கடலைப் பார்க்க ஒரு இடம் உண்டு, லாயிட் கேட்காமலே நிறுத்தினார். “ஆர்க்கிட்காரங்க கொஞ்சம் காத்து வாங்குங்க,” என்றார், இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள், பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி. நரேல் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றாள், டெனிஸ் தண்ணீர் கொடுத்தாள். கிரேம் இறங்கவில்லை, மறுபடி தன் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான், எனக்கு இங்கிருந்தே அந்த வழுக்கை தெரிகிறது. ட்ரெவர் என் முழங்கையைப் பிடித்து பஸ்ஸின் பின்பக்கம் இழுத்துப் போனான், டீசல் வாடை, அவன் முகம் கோணிப்போயிருந்தது. “நீயே சொல்லு. ரஸ்ஸலுக்கு ஒரு நியாயம், உன் புருஷனுக்கு ஒரு நியாயமா?” “கத்தாத.” “அவ அப்பா மீன் பிடிச்சாருன்னு எனக்குத் தெரியும் கெரின். எண்ணச் சொல்லிக் குடுத்தாருன்னு தெரியாது. ஆறு வருஷமாச்சு கல்யாணமாகி. என்கிட்ட சொல்லல அவ.” கன்னம் ஆடியது, அந்த வெள்ளைப் பல்லெல்லாம் எங்கே போயிற்றோ. “எங்க பேசினாங்க, எப்ப பேசினாங்க? நீதான சட்டம் போட்டவ. விடுதியில இறங்கினதும் எல்லாரையும் கூட்டி வச்சு நீயே சொல்லு. நீங்க ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிடுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்.” “போய்ச் சேரட்டும் ட்ரெவர், முதல்ல போய்ச் சேரட்டும்.” “போய்ச் சேந்ததும்,” என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான். இரண்டு மாசத்துக்கு முன்னால் இதே ட்ரெவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நம்ம நாலு பேருக்குள்ள ஒளிவு மறைவே இல்லை என்று சொன்னவன். போடா... ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை, ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, நான் ரஸ்ஸலிடம் பேசிய அதே வார்த்தைகள்.

திரும்ப ஏறும்போது எனக்குக் கோபம்தான், வேறென்ன. தக்காளிக்கே துரத்தினேன், இதற்கு என்ன செய்வது, என் கூட்டம், என் விதி, பத்து வருஷம் நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது, இன்று சாயங்காலம் அந்த வரவேற்புக் கூடத்தில் நின்று நானே என்னைத் தூக்க வேண்டும், அத்தனை பேரும் பார்ப்பார்கள், டெனிஸ் ஊருக்குப் போய் எத்தனை பேரிடம் சொல்வாள், காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொல்வாள். அதற்கப்புறம் வீடு. அந்தச் சாப்பாட்டு மேஜை, கரண்டிச் சத்தம், அதையாவது கேட்பதற்கு எதிரில் இவன் உட்கார்ந்திருப்பானா... முன்வரிசையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும், கேட்டுவிட வேண்டும், எத்தனை நாளாக, போனிலா, நேரிலா, நான் எங்கே இருந்தேன் அப்போது, வாயைத் திறந்தேன், “நாளைக்குக் காலைல படகுச் சவாரிக்கு எல்லாரும் வராங்களான்னு தெரியல” என்று வந்தது. “வருவாங்க,” என்றான். “துண்டு அவங்களே குடுப்பாங்களா?” “குடுப்பாங்க.” கொஞ்ச தூரம் போனோம். மறுபடி திறந்தேன். ஒன்றுமில்லை. மழுப்பவில்லை நான், நிஜமாகவே தேடினேன், இவனோடு பேச இவர்களைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று, உள்ளே கை விட்டுத் துழாவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. இவனுக்குக் குமட்டுமா, இவன் அப்பா இவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார், முப்பது வருஷமாகிறது, எனக்குத் தெரியுமா... 

“அவ அப்பாவுக்குப் படகு இருந்துச்சா?” என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், இது வசவின் ஆரம்பமா இல்லையா என்று கணக்குப் போடுகிற பார்வை. “இருந்துச்சு,” என்றான். “சிங்கி இறால் பிடிக்கற படகு. அப்பல்லோ பேங்கற ஊருல.” “படகுக்கு என்ன பேரு?” அவன் மெல்லச் சொன்னான், முதலில் மார்கரெட் என்று பேராம், அவள் அம்மா பேரு, அம்மா ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம், அன்றைக்கே அப்பா பெயிண்டை எடுத்துக்கொண்டு போய்ப் படகில் பேரை அழித்திருக்கிறார், பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தாராம், பாதியில் பெயிண்ட் தீர்ந்துபோய்விட்டது. “கடைசி ஜி எழுத்து பாதி அழிஞ்சு சி மாதிரி ஆயி, மிச்சம் மார்க்னு மட்டும் நின்னுச்சு. மறுநாள் போய் அழிக்கலாம்னு இருந்தாராம். அப்புறம் விட்டுட்டாரு. பின்னாடி ஊருக்குப் புதுசா வந்தவங்கல்லாம் அவருக்கு மார்க்னு ஒரு பையன் இருந்து செத்துப்போயிட்டான் போலன்னு நெனச்சுகிட்டு, துக்கம் விசாரிக்க வந்தாங்களாம். அவரும் ஆமா ஆமான்னு உக்காந்து கேட்டுகிட்டாராம்.” இதைச் சொல்லிவிட்டு கிரேம் சிரித்தான், தோள் குலுங்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்னால் அடக்க முடியவில்லை, பின்னால் ட்ரெவர் பார்த்துக்கொண்டிருப்பான், பார்க்கட்டும். எவ்வளவு அழகாகச் சொல்கிறான், நடுவில் விட்டு நிறுத்தி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, இவனுக்கு இப்படிப் பேச வருமா, அந்த நிறுத்தமெல்லாம் அவளுடையதாக இருக்கும், அவள் நிறுத்திய இடத்தில் இவன் நிறுத்துகிறான். நானும் இவனும் மட்டும், நாலு பேரில்லை, நாங்கள் இல்லை, நான் ஒன்று அவன் ஒன்று, முடிவு தெரியாத கதையை இவன் எனக்குச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று, முதுகெல்லாம் சிலிர்த்தது, வெட்கக்கேடு, இந்த வயதில், அதுவும் முழுக்க முழுக்க இன்னொருத்தி பேச்சு... இப்போதாவது கேள், எத்தனை நாளாக என்று கேள், விடுதி வந்துவிடும். கேட்டால் நிறுத்திவிடுவான். 

“அப்புறம் அவரு என்ன செஞ்சாரு?” என்றேன்.